காரணம் எழுத வேண்டியது யார்?

அருப்புக்கோட்டையில் என்னைத் தேடி வருகிற மிலிட்டரிக்காரர்கள் கையில் பெரும்பாலும் ஒரு அஃபிடவிட் இருக்கும். முத்திரைத்தாள், நோட்டரி சீல், ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்து எல்லாம் பக்காவாக இருக்கும். 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் வலிப்பு கிடையாது' என்று எழுதியிருக்கும். நரிக்குடியோ பரளச்சியோ, எந்தப் பக்கத்து ஆளானாலும் இதே பத்திரம்தான். அதை மடித்துப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு நான் கேட்பேன்: "டிஸ்சார்ஜ் புக் இருக்காப்பா? மெடிக்கல் போர்டு காப்பி வாங்கினியா?"

நான் வக்கீல் இல்லை. ராணுவத்தில் கிளார்க் வேலை பார்த்து ஹவில்தாராக வெளியே வந்தவன். அங்கே பார்த்த காகித வேலையை இங்கே காசு வாங்காமல் பார்க்கிறேன், அவ்வளவுதான். திருச்சுழிச் சுற்றுவட்டாரத்தில் மானாவாரிக் காட்டை நம்பி எல்லாப் பிள்ளைகளும் உட்கார முடியாது. ஒருவன் மில்லுக்குப் போனால் இன்னொருவன் பட்டாளத்துக்குப் போவான். போனவன் சிலநேரம் முதுகு ஒடிந்தோ, சர்க்கரை, பிரஷர், வலிப்பு என்று ஏதாவது ஒன்றோடோ திரும்பி வருகிறான்.

அவனுக்கு டிஸபிலிட்டி பென்ஷன் உண்டா? 1961-ஆம் ஆண்டு ராணுவப் பென்ஷன் விதிகள் இரண்டு விஷயம் கேட்கின்றன. கோளாறு ராணுவ சேவையால் வந்திருக்க வேண்டும், அல்லது சேவையால் முற்றியிருக்க வேண்டும். அடுத்தது, அது 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டையும் எழுதுவது, ஆள் வெளியே வரும்போது உட்காரும் மெடிக்கல் போர்டு. சதவீதத்தில் தகராறு அதிகம் வராது. 'சேவையால் வந்ததல்ல, உடல்வாகு' என்று எழுதிவிடுவார்கள் பாருங்கள், அங்கேதான் பென்ஷன் நின்றுபோகும்.

மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும். அதுவும் தோற்றால் இரண்டாவது அப்பீல் கமிட்டி. இந்த இரண்டு படியிலும் உங்களை யாரும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கப் போவதில்லை, காகிதத்தைத்தான் படிப்பார்கள். அதற்கும் மேலே, 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 2009 முதல் நடக்கிற ஆயுதப் படைத் தீர்ப்பாயம். நம் ஆட்களுக்குச் சென்னைக் கிளை. சிலம்பு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் போய் இறங்கலாம். பெஞ்சில் ஒருவர் நீதித்துறையிலிருந்து வந்தவர், இன்னொருவர் படையில் பெரிய பதவியில் இருந்தவர்.

அங்கே வழக்கு எதை வைத்துத் திரும்புகிறது என்பது நம் ஆட்கள் பலருக்கும் தெரியாது. 1982-ஆம் ஆண்டுத் தகுதி விதிகளில் ஒன்பதாவது விதி: கேட்கிறவன் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவனுக்கே. ஐந்தாவது விதி இன்னும் வலுவானது. சேர்க்கும்போது டாக்டர் ஒரு நோயையும் குறிக்கவில்லை என்றால், ஆள் நல்ல உடம்போடுதான் உள்ளே போனான் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்தது எப்படி வந்தது என்று காரணம் சொல்ல வேண்டியது போர்டு. ஆள்சேர்ப்பில் மூச்சு, பல், பாதம் வரை தடவிப் பார்த்து 'ஃபிட்' என்று எழுதியது அவர்கள்தானே!

தரம்வீர் சிங் வழக்கை நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். சிக்னல்ஸ் படைப்பிரிவுச் சிப்பாய், 1985-இல் சேர்ந்தவர். வலிப்பு வந்து 1994-இல் வெளியே அனுப்பப்பட்டார், 20 சதவீதம். காரணம் என்ன என்று படிவம் கேட்ட இடத்தில், ராணுவ சேவையோடு தொடர்பில்லை என்று மட்டும் போர்டு எழுதியிருந்தது. ஏன் தொடர்பில்லை என்பதற்கு ஒரு வரி இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஒற்றை நீதிபதி கொடுத்த பென்ஷனை இருவர் அமர்வு எடுத்துவிட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது: சேரும்போது குறிப்பும் இல்லை, பிறகு காரணமும் இல்லை என்றால் சேவையில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும். சியாச்சினில் இருந்தபோது வலிப்பு வந்த பிஜேந்தர் சிங் 1989-இல் வெளியேறியவர். அவருக்கு இதே வழியில் நியாயம் கிடைத்தது 2025 ஏப்ரலில்.

அமெரிக்காவில் இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சிப்பாய் பக்கம் சாய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2019 முதல் அங்கே தோற்றவன் மூன்று வழியில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: புதுச் சான்றோடு மறுபடி கேட்பது, பழைய காகிதத்தையே மூத்த அதிகாரியைப் பார்க்கச் சொல்வது, நேராக மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போவது. நமக்கு ஒரே ஏணி.

எல்லா வழக்கும் ஜெயிக்கும் என்று நான் ஆசை காட்டுவதில்லை. 2019-இல் நர்சிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு சேர்க்கும்போது கண்டுபிடிக்கக்கூடிய நோயல்ல, அதனால் குறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்துக் கொடுக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். லீவில் வந்தபோது நடந்த விபத்தும் சிக்கல். லீவில் ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஜுஜார் சிங்குக்கு 2011-இல் கிடைக்கவில்லை. திருவிழாவுக்கு வந்தவன் பந்தல்குடி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தால் அதே கதிதான். யூனிட்டிலிருந்து லீவுக்கு ஊர் வரும் பயணத்திலேயே அடிபட்டால் கணக்கு வேறு. அது டியூட்டியாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதனால்தான் டிக்கெட்டையும் வாரண்ட்டையும் கிழித்துப் போடாதே என்கிறேன். விதிகளும் 2008-இலும் 2023-இலும் மாறிவிட்டன. எந்தத் தேதியில் வெளியே வந்தாய் என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

பணம் எவ்வளவு? நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 என்றால் 12,000 ரூபாய். 20 சதவீதக்காரனுக்கு 2,400 வரும். ஆனால் 20 முதல் 49 வரை இருப்பதை 50 ஆகக் கூட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, அப்போது 6,000. சர்வீஸ் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவ்தார் வழக்கில் தீர்ந்தது. இதைக் கேட்காமலே பழைய தொகையை வாங்கிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போர்டு காப்பி தொலைந்திருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம். சென்னை வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விருதுநகர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

காலம் கடந்துவிட்டதே என்று தயங்குகிறவர்களே அதிகம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவது தொடர்கிற அநீதி. அதனால் தாமதமாகவும் கேட்கலாம், ஆனால் நிலுவை மூன்று வருஷத்துக்கு மேல் பின்னால் போகாது என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கில் வந்தது. இதைப் பாலையம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப, தள்ளிப்போடுற ஒவ்வொரு மாசத்துக்கும் பழைய மாசம் ஒண்ணு கழிஞ்சு போகும்ல மாப்ளே?"

"ஆமா மாமா."

"அறுப்பு முடியட்டும்னு இருந்தேன். எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."