மலர்ச்சாலையில் துப்பறிவோர்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதற்கடுத்தும் வைத்தார். அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. நகைக்குரியவற்றுள் பேதைமையும் மடமையும் அடங்கும். இவ்விரு மெய்ப்பாடுகளும் ஒரே கூரையின்கீழ் நிகழுமோ எனின், நிகழும் என்று காட்டுகின்றது ஒருவகைக் கதையிலக்கியம். பூதவுடலை அடக்கத்துக்கு ஆயத்தஞ் செய்யும் நிலையத்தை இலங்கைத் தமிழர் மலர்ச்சாலை என வழங்குவர். அதனைக் களமாகக் கொண்டெழுந்த நகைச்சுவைத் துப்பறியும் கதைகளே அவை.

இவற்றின் முன்னோடிகளுள் ஒன்றாக ஸ்டீவன்சனும் லாயிட் ஆஸ்போர்னும் 1889இல் வெளியிட்ட 'தி ராங் பாக்ஸ்' என்னும் நாவலைக் கூறலாம். பெரும்பணத்தை எதிர்நோக்கிய மருமக்கள், தம் பெரியவர் இறந்தாரென மயங்கி ஒரு பிரேதத்தை மறைக்க முயல்வதும், புகைவண்டியில் முகவரிச் சீட்டுகள் மாறியதால் அது எங்கெங்கோ சென்று சேர்வதுமே கதை. 1948இல் எவலின் வா, அமெரிக்க ஈமநிலையங்களின் ஆடம்பரத்தை 'தி லவ்டு ஒன்' என்னும் நூலில் எள்ளினார். 2000ஆம் ஆண்டில் டிம் காக்கி, பால்ட்டிமோர் நகர மலர்ச்சாலைக்காரர் ஒருவரையே துப்பறிவாளராக்கிக் கதைவரிசை ஒன்றைத் தொடங்கினார்.

இக்களம் துப்பறிதலுக்கு ஏற்றதாவது எவ்வாறு? வழக்குரைஞர், கடன்காரர், உரிமை வேண்டுவோர், பகைத்தோர் யாவரும் வந்து கூடும் இடம் இழவு வீடே. யார் அழுதார், யார் அழுவதுபோல் நடித்தார் என்பதும் அங்கே புலனாகும். உடலைத் துடைத்து ஆடையுடுத்துபவர், பிறர் காணாத வடுவைக் காண்பர். கொலையின் குருதியைக் கதை விரித்துரையாது. நகையோ இறந்தவர்மீது விழுவதில்லை. இருப்போரின் பேராசையின்மீதே விழும். இதுவே இவ்விலக்கியத்தின் அறம் எனலாம்.

தமிழில் நகைச்சுவையும் துப்பறிதலும் இணைந்தமைக்குத் தேவன் (1913–1957) படைத்த துப்பறியும் சாம்புவே தக்க சான்று. இழவும் நகையும் இணைந்தமைக்கோ நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலையகத் தோட்டங்களில் மாசியில் நிகழும் காமன் கூத்திலே, மன்மதன் எரிந்தபின் இரதி புலம்புகின்றாள். அதே கூத்தில் கோமாளியும் சிரிக்க வைக்கின்றான். மக்கள் இரண்டையும் ஒருங்கே ஏற்பர்.

இராகலைப் பகுதி லயங்களில் ஒருவர் இறப்பின், அவர் வாழ்ந்த சிற்றறையே மலர்ச்சாலையாகின்றது. சுவருக்கு அப்பால் இருமுவதும் கேட்கும் அவ்வீடுகளில் மறைபொருள் நெடுநாள் தங்காது. ஆதலின் இத்தகைய கதைக்கு லயமும் நல்ல களமே.

அங்கு அது வெறும் பொழுதுபோக்காகவும் அமையாது. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்து வந்தோருள் வாந்திபேதிக்கு இரையானோர் பலர். அவர் எவ்வாறு மாண்டார், அவர் பெயர் யாது என்று கேட்பார் இலர். இன்று சந்தேகத்துக்கிடமான மரணத்தை ஆராயத் திடீர் மரண விசாரணை அதிகாரி உளர்; 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அவ்விசாரணைக்கு விதி வகுத்துள்ளது. சட்டம் கேட்கும் அவ்வினாவையே துப்பறியும் கதையும் கேட்கின்றது. எளிய கூலியாள் ஒருவரின் சாவும் விடை காணத்தக்க வினாவே என்று கொள்வதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. அவ்வினாவை நகையோடு கேட்பினும் மரியாதை குன்றாது. மலையகத்து இளம் எழுத்தாளர் இத்துறையில் முயல்வாராக.