புரையேறாத ஆபத்து

உண்ணும்போது புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டிவிடுவது நம் வழக்கம். ஆனால் அந்த இருமல் நுரையீரலைக் காக்கும் காவல் என்பதும், சில நோயாளிகளிடம் அக்காவலே ஓய்ந்துபோகும் என்பதும் பலர் அறியாத விஷயங்கள்.

தொண்டையில் சிறிது தூரம் சுவாசத்துக்கும் உணவுக்கும் ஒரே வழிதான். பதுளைக்கு ஏறிவரும் ஒற்றை ரயில்பாதையில், ஸ்டேஷன் மாஸ்டர் வளையத்தில் மாட்டிக் கொடுக்கும் அனுமதிச் சின்னம் கைக்கு வந்தாலன்றிச் சாரதி வண்டியை நகர்த்தாததுபோல, மூச்சு கணநேரம் நின்று, மென்னண்ணம் நாசியின் பின்வாசலை அடைத்து, குரல்வளை மேலெழுந்து தன் வாயை மூடி, உணவுக்குழாய் திறந்தால்தான் ஒரு கவளம் பத்திரமாக இறங்கும். கழுத்தின் முன்புறத்தில் விரலை வைத்து உமிழ்நீரை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை ஏறி இறங்குவது தெரியும். ஏறக்குறைய ஒரு வினாடியில் முடியும் இக்காரியத்தை நடத்துவது, மூளைத்தண்டின் அடியில் சுமார் 3 சென்றிமீற்றர் நீளமே உள்ள முகுளம்.

முகுளத்தின் பக்கப்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி அடைபடுவதால் வரும் பாரிசவாதத்தை, 1895இல் அடோல்ஃப் வாலன்பேர்க் என்னும் ஜெர்மானிய வைத்தியர் விரிவாக வர்ணித்தார். தலை சுழலும், குரல் கம்மும், விழுங்குவது தடுமாறும், விக்கல் ஓயாது, முகத்தின் ஒரு பாதியும் உடலின் எதிர்ப்பாதியும் சூடு குளிர் அறியா. கை கால்களோ பெரும்பாலும் பலமிழப்பதில்லை. ஆதலால் இது பாரிசவாதம் என்று வீட்டாருக்குத் தோன்றுவதில்லை.

பசறையிலோ நமுனுகுலையிலோ, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர் தலைசுற்றிச் சாய்ந்தால், லயத்தில் அன்போடு முதலில் நீட்டப்படுவது சூடான தேத்தண்ணி. அன்பு பெரிதுதான், ஆனால் கட்டியான கூழைவிட நீர் விரைந்தோடும், குரல்வளை மூடுமுன்பே சுவாசக்குழாயில் இறங்கிவிடும். தொண்டை உணர்விழந்திருந்தால் இருமலும் எழாது. பின்னர் காய்ச்சலும் நிமோனியாவும் வந்த பிறகே விஷயம் வெளிப்படும். தேத்தண்ணியில் நனைத்த ரொட்டியும் இதே ஆபத்துடையது.

வைத்தியசாலையில் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று சோதிப்பார்கள். முடியாதவருக்குச் சில காலம் மூக்குவழிக் குழாயே கதி. தலையைப் பலவீனமான பக்கம் திருப்பி விழுங்குதல், உணவின் பதத்தை மாற்றுதல், வாயைச் சுத்தமாக வைத்தல் ஆகியவற்றைப் பழக்குவோர் பேச்சுச் சிகிச்சையாளர்கள். இப்பயிற்சியை நோயாளியின் சொந்த மொழியிலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். புரியாத பாஷையில் கேட்டுத் தொண்டையைப் பழக்க எவராலும் இயலாது. வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்கு விழுங்கும் சக்தி திரும்புகிறது.

திடீரெனத் தலைசுற்றிக் குரல் மாறியவரைக் கண்டால், 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். விழுங்குவதைச் சோதிக்கும்வரை ஒரு மிடறு தேத்தண்ணியும் கொடுக்காதீர்கள்.