புதிய கணினிக்கு ரேமும் எஸ்எஸ்டியும்: எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது?

மேசைக் கணினியின் வேகம் பிராசசரை மட்டும் பொறுத்ததல்ல. பிராசசர் கேட்கும் தகவல் எங்கே இருக்கிறது, கேட்டதும் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். நடந்துகொண்டிருக்கும் வேலைக்கான தகவல் ரேமில் இருக்கும். மின்சாரம் நின்றால் அது அழிந்துவிடும். விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள், படங்கள் எல்லாம் நிலையாகத் தங்குவது எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோதான்.

இந்த மூன்றுக்கும் உள்ள வேக வித்தியாசம் மிகப் பெரியது. ரேமிலிருந்து ஒரு தகவல் பிராசசருக்கு வர ஏறத்தாழ 100 நானோ நொடி ஆகிறது. நல்ல எஸ்எஸ்டிக்கு 100 மைக்ரோ நொடி, ஹார்ட் டிஸ்குக்கு 12 மில்லி நொடி. ரேமின் 100 நானோ நொடியை ஒரு முழு நொடி என்று வைத்துக் கணக்கிட்டால், எஸ்எஸ்டி பதில் சொல்ல 17 நிமிடம் எடுக்கும்; ஹார்ட் டிஸ்க் 33 மணி நேரம் எடுக்கும். ரேம் நிரம்பிவிட்டால் இயங்குதளம் அதில் இருப்பதில் ஒரு பகுதியை எஸ்எஸ்டிக்கோ ஹார்ட் டிஸ்குக்கோ தள்ளிவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். கணினி திணறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் ரேமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவு. வேகம் அதற்கு அடுத்ததுதான்.

எத்தனை ஜிபி ரேம்?

விண்டோஸ் 11 நிறுவ 4 ஜிபி ரேம் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அது கணினி இயங்கத் தொடங்குவதற்கான அளவு. வேலை பார்ப்பதற்கான அளவு அல்ல. கடிதம், கணக்கு, மின்னஞ்சல், இணையம் ஆகியவற்றோடு நிற்பவர்களுக்கு 8 ஜிபி ஓடும். ஆனால் பிரவுசரில் 20 பக்கங்களைத் திறந்து வைத்து, கூடவே வீடியோ கூட்டமும் நடந்தால் இழுக்கத் தொடங்கும். புதிதாக வாங்கும் கணினிக்கு 16 ஜிபியை அடிப்படையாகக் கொள்வது நல்லது. படத் திருத்தம், வீடியோ தொகுப்பு, புதிய விளையாட்டுகள், மென்பொருள் எழுதுதல் ஆகியவற்றுக்கு 32 ஜிபி வசதியாக இருக்கும். 4கே வீடியோவைப் பல அடுக்குகளாகத் தொகுப்பவர்களுக்கும், ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர்களுக்கும்தான் 64 ஜிபி தேவை.

இப்போது பழைய கணினி ஒன்று இருந்தால், ஊகத்தை விட்டுவிட்டு அளந்தே பார்க்கலாம். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தேர்ந்தெடுத்தால் ‘கமிட்டெட்’ என்ற இடத்தில் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண், ஓடும் மென்பொருள்கள் மொத்தமாகக் கேட்டிருக்கும் நினைவகம். அது கணினியில் உள்ள ரேமின் அளவைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், திரைக்கான வேலையைப் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸே பார்க்கிறது. அது தனக்கு வேண்டிய நினைவகத்தை ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிடிஆர்4, டிடிஆர்5

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர் கொண்ட நுண்ணிய அறையில் மின்னூட்டமாக இருக்கிறது. இந்த அமைப்புக்கு ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்றார். கெபாசிட்டரில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் நொடிக்குப் பல முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அடிப்படை இன்றும் அதுதான். தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது தகவலை வெளியே அனுப்பும் விதம்.

இப்போது சந்தையில் உள்ளவை டிடிஆர்4, டிடிஆர்5. டிடிஆர்5-க்கான தரநிலை 2020 ஜூலையில் வெளியானது. மேசைக் கணினிகளுக்கு 2021 இறுதியில் இன்டெலின் 12-ஆம் தலைமுறைப் பிராசசர்களோடு வந்தது. இரண்டு ஸ்டிக்குகளிலும் 288 முனைகள்தான். ஆனால் நடுவே உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. எதை வாங்குவது என்பதை மதர்போர்டே முடிவு செய்துவிடுகிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மட்டும். ஏஎம்5 சாக்கெட்டுக்கு டிடிஆர்5 மட்டும். இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளுக்கு இரு வகை மதர்போர்டுகளும் உண்டு. அதற்குப் பின் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை மேசைப் பிராசசர்களுக்கு டிடிஆர்5 மட்டுமே.

வேகத்தைப் படிக்கும் முறை

ரேம் பெட்டியில் ‘6000’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். கடைகளில் அதை மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். உண்மையில் அது நொடிக்கு 600 கோடி முறை தகவல் பரிமாறப்படுவதைக் குறிக்கிறது. ஒரு பரிமாற்றத்துக்கு 8 பைட் வீதம், ஒரு சேனலில் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4-3200-க்கு இதே கணக்கில் 25.6 ஜிபி வரும்.

அதன் பக்கத்தில் ‘சிஎல்30’, ‘சிஎல்40’ என்று சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருக்கும். கேட்ட தகவலைத் தரத் தொடங்க ரேம் எத்தனை கடிகாரத் துடிப்புகள் எடுத்துக்கொள்கிறது என்பது அது. இதை நேரமாக மாற்ற, சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேக எண்ணால் வகுத்தால் போதும். விடை நானோ நொடியில் கிடைக்கும். டிடிஆர்4-3200 சிஎல்16-க்கு 10 நானோ நொடி. டிடிஆர்5-6000 சிஎல்30-க்கும் அதே 10. டிடிஆர்5-6000 சிஎல்40-க்கோ 13.3. பெட்டியின் முகப்பில் ஒரே வேகம் போட்ட இரண்டு ஸ்டிக்குகளில் எது மேல் என்பதை இந்தச் சிறிய எண்தான் காட்டுகிறது.

இரண்டு ஸ்டிக், சரியான ஸ்லாட்

மேசைக் கணினிப் பிராசசர்கள் பெரும்பாலும் இரண்டு சேனல்கள் வழியாக ரேமோடு பேசுகின்றன. 16 ஜிபியின் ஒரே ஸ்டிக் போட்டால் ஒரு சேனல் சும்மா கிடக்கும். 8 ஜிபியாக இரண்டு போட்டால் இரண்டும் வேலை செய்யும். பிராசசரின் உள் கிராஃபிக்ஸை நம்பியிருக்கும் கணினியில் இந்த வித்தியாசம் விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியும். அதற்காக நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவதும் புத்திசாலித்தனமல்ல. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அளவுகளின்படி, இரண்டு டிடிஆர்5 ஸ்டிக்குகள் 5200 வேகத்தில் ஓடும். நான்கு போட்டால் அது 3600-க்கு இறங்கிவிடும்.

நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில், இரண்டு ஸ்டிக்குகளைப் பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். ஸ்டிக்கின் வெட்டையும் ஸ்லாட்டின் மேட்டையும் நேர்ப்படுத்தி, இரு முனையிலும் சமமாக அழுத்தினால் கிளிப் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் டிடிஆர்5 கணினியில் திரை சில நிமிடங்கள் இருண்டே இருக்கலாம். பிராசசர் புதிய ரேமோடு ஒத்துப்போகும் அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. பழுது என்று பயந்து அணைத்துவிடக் கூடாது.

இன்னொரு வேலை பலர் செய்யாமலேயே விடுவது. 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம், தொடக்கத்தில் பெரும்பாலும் 4800 போன்ற பொது வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் போய் இன்டெல் கணினியில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி கணினியில் எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்கும் எஸ்எஸ்டியும்

ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டுகளில் காந்தப் பதிவாகத் தகவலைச் சேமிக்கிறது. 1956-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய முதல் ஹார்ட் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று 3.5 அங்குலப் பெட்டிக்குள் பல டிபி அடங்குகிறது. ஆனாலும் தகவலைப் படிக்கும் கை நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும் என்ற கட்டாயம் மாறவில்லை. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் வந்து சேரவே சராசரியாக 4 மில்லி நொடி ஆகும். கை நகரும் நேரம் தனி. அதனால் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு 80 முறை போலத்தான் அதால் எடுத்துத் தர முடிகிறது.

எஸ்எஸ்டியில் அசையும் பாகம் கிடையாது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1987-ல் அறிவித்த நேண்ட் ஃபிளாஷ் சிப்களில் அது தகவலை வைக்கிறது. சிறு கோப்புகளை நொடிக்குப் பல ஆயிரம் முறை தரும். விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில்தான் இருக்க வேண்டும் என்பதில் இன்று இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

சாட்டா, என்விஎம்இ, எம்.2

எஸ்எஸ்டிகளைப் பிரித்துப் பார்ப்பது மதர்போர்டோடு அவை பேசும் வழியை வைத்து. ஹார்ட் டிஸ்குக்காக வந்த சாட்டா வழியில் வேகம் நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். என்விஎம்இ எஸ்எஸ்டி பிசிஐஇ வழியாகப் பேசுவதால் மூன்றாம் தலைமுறையில் 3,500 எம்பியும், நான்காம் தலைமுறையில் 7,000 எம்பியும், ஐந்தாம் தலைமுறையில் 14,000 எம்பியும் தொடுகிறது.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயரல்ல. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் உள்ள அதே பட்டையில் சாட்டா எஸ்எஸ்டியும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. எம்.2 என்று மட்டும் கேட்டு வாங்கினால் எது கைக்கு வரும் என்பது உறுதியில்லை. மதர்போர்டின் கையேட்டில் எந்த எம்.2 ஸ்லாட் எந்தத் தலைமுறை, எதில் எஸ்எஸ்டி போட்டால் எந்த சாட்டா போர்ட் அணைந்துபோகும் என்ற விவரம் இருக்கும். வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆயிரக்கணக்கான எம்பி என்பதெல்லாம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைக்கும் வேகம். விண்டோஸ் தொடங்கும்போதும் மென்பொருள் திறக்கும்போதும் நடப்பது சிறு சிறு துண்டுகளாகப் படிப்பது. ஒன்றன்பின் ஒன்றாக அப்படிப் படிக்கும்போது 7,000 எம்பி எஸ்எஸ்டியும் நொடிக்கு 100 எம்பியைத் தாண்டுவது அரிது. அதனால் மூன்றாம் தலைமுறைக்கும் ஐந்தாம் தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம் அன்றாட வேலையில் ஓரிரு நொடியாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி அதிகம் சூடாகும், ஹீட்சிங்க் கட்டாயம். பெரிய வீடியோ கோப்புகளை நாள் முழுக்கக் கையாள்பவர்களுக்கே அது பயன்படும். மற்றவர்களுக்கு நான்காம் தலைமுறை தாராளம்.

டிஎல்சியா, கியூஎல்சியா?

விலை குறைந்த எஸ்எஸ்டிக்கும் நல்ல எஸ்எஸ்டிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் சிப்புக்குள் இருக்கிறது. ஓர் அறையில் 3 பிட் வைப்பது டிஎல்சி. அதற்கு மின்னூட்டத்தின் 8 நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். 4 பிட் வைப்பது கியூஎல்சி, 16 நிலைகள். நிலைகள் நெருங்க நெருங்க எழுதும் வேகமும் ஆயுளும் குறைகின்றன. இதை மறைக்க, அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக 1 பிட் அறைகளாக நடத்தி, வரும் தகவலை அங்கே வேகமாக எழுதிக்கொள்கிறது எஸ்எஸ்டி. அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் சரிகிறது. 200 ஜிபி வீடியோவை ஒரேயடியாக நகலெடுக்கும்போது, சில மலிவான கியூஎல்சி மாடல்கள் ஹார்ட் டிஸ்கைவிட மெதுவாகிவிடுவதுண்டு. விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டிக்கு டிஎல்சியே மேல்.

எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற அட்டவணைக்காக எஸ்எஸ்டிக்குள்ளேயே தனி டிரேம் சிப், அதாவது ரேமில் உள்ள அதே வகைச் சிப், இருப்பது உசத்தி. அது இல்லாத என்விஎம்இ எஸ்எஸ்டிகள் கணினியின் ரேமில் சில பத்து எம்பியை இரவல் வாங்கிக்கொள்கின்றன. வீட்டு உபயோகத்துக்கு அதுவும் போதும்.

ஆயுளைக் குறிக்க டிபிடபிள்யூ என்ற எண்ணைத் தருகிறார்கள்: உத்தரவாதக் காலத்துக்குள் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்பது அது. 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 600 என்பது வழக்கமான அளவு. நாளுக்கு 50 ஜிபி எழுதினாலும் அதைத் தொட 32 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே வீட்டுக் கணினிக்கு இந்த எண் கவலைக்குரியதல்ல. அது மிகக் குறைவாக இருந்தாலோ, குறிப்பிடவே படாமல் இருந்தாலோ மட்டும் சந்தேகப்படலாம்.

எவ்வளவு இடம்?

1 டிபி எஸ்எஸ்டியை விண்டோஸில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. தயாரிப்பாளர் டிபியைப் பத்தின் அடுக்கில், அதாவது ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்; விண்டோஸ் இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும் என்பதால் பத்தில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும். அப்படிப் பார்த்தால் அலுவலக வேலைக்கு 500 ஜிபி, பொதுவான வீட்டுக் கணினிக்கு 1 டிபி, விளையாட்டும் வீடியோவும் சேர்ந்தால் 2 டிபி என்று கொள்ளலாம். புதிய பெரிய விளையாட்டுகள் சில ஒவ்வொன்றும் 100 ஜிபிக்கு மேல் இடம் கேட்கின்றன.

ஹார்ட் டிஸ்குக்கு வேலை முடிந்துவிடவில்லை. குறைந்த விலையில் நிறைய இடம் தருவது அதுதான். குடும்பப் படங்கள், பழைய வீடியோக்கள், காப்பு நகல் ஆகியவற்றுக்கு அதைச் சேர்த்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்தால் மின்னூட்டம் கசிந்து தகவல் போகக்கூடும். அந்த வேலைக்கும் ஹார்ட் டிஸ்கே பொருத்தம். வாங்கும்போது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பார்க்க வேண்டும். எஸ்எம்ஆரில் பதிவுத் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். எழுதிவிட்டு எடுத்துப் பார்ப்பதற்கு அது போதும். அடிக்கடி மாற்றி எழுதும் வேலைக்கு சிஎம்ஆர் வேண்டும். எதை வாங்கினாலும் முக்கியமான கோப்பு ஒரே ஒரு டிஸ்கில் மட்டும் இருக்கக் கூடாது.

பணத்தைப் பிரிப்பது

டிரேம் சிப்களில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் இந்தச் சிப்களை வாரிக்கொண்டதால் 2025-ன் பிற்பகுதியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த குரூஷியல் வணிகத்தைக் கைவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படி விலை ஏறியிருக்கும் காலத்தில் எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசை முக்கியமாகிறது.

முதல் இடம் ரேமின் அளவுக்கு: 16 ஜிபி, இரண்டு ஸ்டிக்காக. அடுத்து டிஎல்சி வகை என்விஎம்இ எஸ்எஸ்டி, முடிந்தால் 1 டிபி. ரேமின் வேகமும் எஸ்எஸ்டியின் தலைமுறையும் பணம் மிஞ்சினால்தான். பின்னால் சேர்ப்பதில் எஸ்எஸ்டி எளிது; இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எந்த நிறுவனத்தின் எஸ்எஸ்டியையும் பூட்டலாம். ரேம் அப்படியல்ல. வேறு வேறு நேரத்தில் வாங்கிய ஸ்டிக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பது உறுதியில்லாததால், ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்யும்போது, ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், பின்னால் உத்தரவாதம் கேட்கும்போது சிக்கல் வராது.