கல்லைக் கரைக்கும் மழைநீர்



நம் வீட்டுத் தேநீர்க் கெண்டியின் உட்புறத்தைச் சற்று உற்று நோக்குங்கள். கடினமான கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சும் கெண்டியாயின், அடியில் வெண்மையான படிவு கல்லாய் இறுகியிருக்கும். தெளிந்த நீருக்குள் இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

மழைத்துளி இறங்கும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் அதே வாயுவை இன்னும் மிகுதியாகப் பெறுகிறது. சோடாவில் உள்ள அதே கார்பானிக் அமிலம்தான் இது. கருங்கல்லை இது எளிதில் அசைக்காது. சுண்ணாம்புக் கல்லையோ கரைத்துத் தன்னோடு கொண்டு சென்றுவிடும். நீர் கொதித்து அவ்வாயு வெளியேறினால், கரைந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது.

கெண்டியில் நிகழ்வதைப் போன்ற ஒன்று, ஒரு நிலப்பரப்பையே உருவாக்கியிருப்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணலாம். சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த அந்த மண்ணில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கியாறும் மாரிக்காலத்தில்தான் ஓடும். மழைநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அவற்றை மெல்ல மெல்ல அகலமாக்கி, நிலத்தடியில் குகைகளைக் குடைந்துவிட்டது. அத்தகைய குகையொன்றின் கூரை இடிந்து உண்டானதே புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு. அடி காண முடியாதது என்பர் ஊரார். அடி உண்டு, ஆனால் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் நிற்கின்றன. கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊறுவதும் இத்தகைய நிலத்தடி வழிகளால்தான்.

கடல்நீரை விட எடை குறைந்த நன்னீர் அதன்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்தால் அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. இயந்திரம் பூட்டி இரவு பகலாக இறைப்போர் இதைச் சிந்திக்க வேண்டாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். மணலில் மெதுவாக இறங்கும் நீர் ஓரளவு வடிகட்டப்படும். வெடிப்புகளில் விரைந்தோடும் நீருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. தோட்டத்தில் அளவின்றி இட்ட உரமும் கழிப்பறைக் குழியின் கசிவும் அதே வழியில் கிணற்றைச் சேர்கின்றன. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை நைட்ரேட் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரில் கரைத்த புட்டிப்பாலை அருந்தும் பச்சிளங்குழந்தைகளின் இரத்தம், பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

காய்ச்சிக் கொடுத்தால் போதும் எனத் தாய்மார்கள் எண்ணலாம். காய்ச்சினால் கிருமிகள் சாகும், நைட்ரேட் அகலாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே இத்தகைய பகுதிகளில் குழந்தைக்குப் பால் கரைக்கும் முன், கிணற்று நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.