ஒட்டுப் போர்வையும் ஒரு கால் அங்குலமும்

ஊசி, நூல் என்றதும் "இது நம்ம டிபார்ட்மெண்ட் இல்லப்பா" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஃபிட்டிங் ஷாப்பில் இரும்புத் தகட்டை அரத்தால் ராவி, ட்ரை ஸ்கொயர் வைத்து, வெளிச்சம் தெரிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தவர்கள்தானே நாம்? அதே பாடம்தான் இங்கே துணியில் வருகிறது.

வெட்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப் போர்வையை வெளிநாடுகளில் 'குவில்ட்' என்கிறார்கள். அமைப்பு எளிது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து ஓடும் நூலோட்டம்தான் நடுவில் உள்ளது நகராமல் பிடித்துக்கொள்கிறது. அழகுக்கு மட்டும் போட்ட தையல் அல்ல அது. போல்ட் மாதிரி வேலை செய்யும் தையல்!

இந்தக் கலை நமக்கு அந்நியமா? இல்லவே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் தேருக்குக் கட்டும் தேர்ச்சீலையும் தொம்பையும் துணி மேல் துணி வைத்துத் தைத்தவைதான். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கிக் 'காந்தா' தைக்கிறார்கள். கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிக்கும் 'கவந்தி' போர்வை தைக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தின் சுவரில் ஓவியங்கள் போலத் தொங்கின. கந்தலுக்கு வந்த மரியாதையைப் பார்த்தீர்களா!

நம்ம வேளாங்கண்ணிக்கு வருவோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை ஊரே திருவிழாக் கூட்டம். காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள் எத்தனை பேர்! தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் குப்பைக்குத்தான் போகின்றன. எங்கள் தெரு அக்கா ஒருவர் தவணையில் மெஷின் வாங்கி ரவிக்கை தைப்பவர். அந்தத் துண்டுகளில் குழந்தைப் போர்வை தைத்து, சீசனில் விற்றுத் தவணை கட்டலாம் என்று இறங்கினார். முதல் போர்வை அப்பளம் மாதிரி நெளிந்தது. விற்கக் கொடுத்த கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது.

"எனக்கு இந்த வேலை வராது தம்பி. ரவிக்கையே போதும்."

"ஒரு வரிசைக்கு எத்தனை தையல்க்கா?"

"ஒன்பது கட்டம். எட்டு தையல்."

இந்த எட்டில்தான் விஷயமே இருக்கிறது! 4 அங்குலக் கட்டம் வேண்டுமென்றால் நாலரை அங்குலம் வெட்டுகிறோம். இரு பக்கமும் கால் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும். ஒவ்வொரு தையலிலும் ஊசி 1/16 அங்குலம் உள்ளே தள்ளி ஓடினால்? இரண்டு துணி சேருமிடம் ஆதலால் இழப்பு 1/8 அங்குலம். எட்டு தையலுக்கு முழுசாக 1 அங்குலம்! பக்கத்து வரிசை சரியாக இருந்தால், குட்டையான வரிசையை அதோடு இழுத்துப் பிடித்துத்தான் இணைக்க வேண்டும். நெளிவு அங்கேதான் பிறக்கிறது. ஆக, கை ராசி, முக ராசி எல்லாம் சும்மா. சின்னச் சின்னப் பிழைகள் கூடிக்கொண்டே போன கணக்குதான் இது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்துத் தைத்து, நடுப் பட்டையை அளக்க வேண்டும். சரியாக 1 அங்குலம் இருந்தால் தேர்ச்சி! அக்காவுக்கு வந்தது 7/8. ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி மெஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டி, துணி ஓரத்தை அதில் உரசியபடி தள்ளச் சொன்னேன். நாலாவது தடவை நடுப் பட்டை 1 அங்குலம் வந்தது. அடுத்த போர்வை தரையில் தட்டையாகப் படுத்தது!

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இன்னும் சில:

1. புதுத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். பருத்தி சுருங்கும், காவியும் சிவப்பும் சாயம் விடலாம்.

2. நேர் இழையில் வெட்டுங்கள். கிராஸாக வெட்டினால் ரப்பர் மாதிரி இழுபடும்.

3. இஸ்திரியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுங்கள். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இதைச் செய்யுங்கள்.

4. இலவம் பஞ்சு வழுக்கும், ஒரு பக்கமாக ஒதுங்கும். நம்ம ஊர்ச் சூட்டுக்குப் பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பு போதும்.

5. கடல் காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் துணியில் கறை விடும். வேலை முடிந்ததும் கழற்றி டப்பியில் போடுங்கள்.

6. நூலோட்டத்தை நடுவில் தொடங்கி ஓரத்துக்குக் கொண்டு போனால் சுருக்கம் வெளியே தள்ளப்படும்.

ஆறும் படித்தால் ஐந்து நிமிடம். கையில் வர ஆறு மாதம் ஆகலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பவருக்கு எங்கே தவறுகிறது என்று தெரியும். அது தெரிந்துவிட்டால் கைவிட்டுவிடத் தோன்றாது. தகடாக இருந்தால் என்ன, துணியாக இருந்தால் என்ன? அளவுகோல் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். அடுத்த முறை தையல் கடை வாசலில் துண்டுத் துணியைப் பார்த்தால், குப்பை என்று தாண்டிப் போகாதீர்கள் தோழர்களே, தோழியரே! ஒரு மூட்டை கேட்டு வாங்குங்கள். முதலில் மூன்று பட்டை தைத்து அளந்து பாருங்கள்!