கோடு விழுந்த நிலம்

பாலக்காடு பக்கமிருந்து மேட்டுப்பாளையம் போகும் லாரி பெரும்பாலும் குனியமுத்தூர், ஆத்துப்பாலம், உக்கடம் என்று கோவைக்குள் நுழைந்துதான் வெளியேறுகிறது. நகரைத் தொடாமல் அதை அனுப்பிவைக்கத்தான் மேற்குப் புறவழிச்சாலை. பாலக்காடு சாலையில் மதுக்கரையை ஒட்டிய மைல்கல்லில் தொடங்கி, மாதம்பட்டி, கணுவாய், பன்னிமடை வழியாக மேட்டுப்பாளையம் சாலையில் நரசிம்மநாயக்கன்பாளையத்தில் முடியும்; நீளம் சுமார் 32 கிலோமீட்டர், மூன்று கட்டப் பணி. பத்தாண்டுக்கு மேல் பேச்சும் அளவையுமாகக் கழிந்து, மைல்கல்–மாதம்பட்டி இடையிலான சுமார் 11.8 கிலோமீட்டர் முதல் கட்டம் 2023-ல்தான் தொடங்கியது.

இந்தத் தாமதத்தில் கோவை தனி அல்ல. ஆலப்புழை புறவழிச்சாலை வெறும் 6.8 கிலோமீட்டர். 1990-ல் அடிக்கல் நாட்டினார்கள். திறந்தது 2021 ஜனவரியில். அடிக்கல் நாட்டிய ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

சாலை தாமதமானால் வண்டி ஓட்டுகிறவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். சாலைக்காக வரைந்த கோட்டின்மேல் தோட்டம் வைத்திருப்பவருடைய கதை வேறு. “உங்க காட்டு வழியாத்தான் பைபாஸ் வருதாம்” என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து நிலத்தை வாங்க ஆள் வராது. கடன் கேட்டுப் போனால் வங்கியில் இழுத்தடிப்பார்கள். தென்னை வைப்பதா, போர்வெல்லைப் புதுப்பிப்பதா, மகனுக்கு இரண்டு அறை கட்டிக் கொடுப்பதா, எதற்கும் துணிவு வராது. அரசு ஒரு சென்ட் கூட எடுத்திருக்காது. ஆனாலும் நிலத்தில் பாதி போன மாதிரிதான். இந்த இடைக்கால இழப்புக்கு எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் ஒரு பத்தி இல்லை. அதனால்தான் பணம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது தவறு என்கிறேன். நில உடைமையாளரின் குரலுக்கு அதிக வலு இருப்பது, கோடு இன்னும் காகிதத்தில் மட்டும் இருக்கும்போது. பலர் வாயைத் திறப்பதோ, கல் நட்ட பிறகு.

சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை இல்லை. ஆனால் அரசியலமைப்பின் 300ஏ பிரிவு தரும் உரிமையாக நிற்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏழாகப் பிரித்துச் சொன்னது: அறிவிப்பு கொடுக்க வேண்டும், ஆட்சேபணையைக் கேட்க வேண்டும், காரணம் சொல்லி முடிவெடுக்க வேண்டும், பொது நோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு வேண்டும், உரிய காலத்துக்குள் நடத்த வேண்டும், தொடங்கியதை முடிக்கவும் வேண்டும். கடைசி இரண்டும் இழுபறித் திட்டங்களில் சிக்கியவர்களுக்காகவே சொன்னவை போல இருக்கின்றன. மனு எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுவதில் தவறே இல்லை.

வரைபடத்தில் மட்டும் இருக்கும் சாலை

நகரமைப்புத் திட்டங்களில் ‘திட்டச் சாலை’ என்று ஒரு கோடு ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கோவையின் முழுமைத் திட்டம் 1994-ல் வந்தது; அடுத்த திட்டத்தின் வரைவு 2024-ல். இடையில் ஒரு தலைமுறையே போய்விட்டது. இப்படிக் கிடக்கும் கோட்டுக்குத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 ஒரு வரம்பு வைத்திருக்கிறது. திட்ட அறிவிப்பு அரசிதழில் வெளியாகி மூன்று ஆண்டுகளுக்குள் நிலத்தை எடுப்பதற்கான விளம்புகை வராமலும், பேசி வாங்காமலும் இருந்தால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும் என்கிறது 38-ஆம் பிரிவு. ஆனால் விடுபட்டுவிட்டது என்று யாரும் வீடு தேடி வந்து சொல்லமாட்டார்கள். திட்டக் குழுமத்துக்கு எழுத்தில் மனுச் செய்ய வேண்டும்; மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்கலாம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: இது அந்த ஒதுக்கீட்டிலிருந்து மட்டுமே விடுதலை. நாளைக்கு வேறு சட்டத்தின்கீழ் புதிதாக அறிவிப்பு வெளியிட்டு அதே நிலத்தை அரசு எடுக்கலாம்.

அந்த வேறு சட்டம் எது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மாநில நெடுஞ்சாலைத் துறை எடுத்தால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். கோவை மேற்குப் புறவழிச்சாலை மாநிலத் துறையுடையது.

மாநிலச் சட்டத்தில் 15-ஆம் பிரிவை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். 15(2)-இன்படி, “உங்கள் நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது, காரணம் சொல்லுங்கள்” என்று அறிவிப்பு வரும். சொன்ன காரணத்தைப் பரிசீலித்து அரசு ஆணையிடும். பிறகு 15(1)-இன்படி அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். அன்றே நிலம் வில்லங்கம் எதுவுமின்றி அரசுடைமை. பயிர் வயலில் நின்றுகொண்டிருந்தாலும் உரிமை போய்விடும். ஆக, எண் வரிசையில் பின்னால் நிற்கும் 15(2) விசாரணைதான் நமக்குக் கிடைக்கும் ஒரே கதவு.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, சில வகைத் திட்டங்களுக்கு மக்கள் சம்மதமும் கேட்க வேண்டும். தமிழ்நாடு தன் நெடுஞ்சாலைச் சட்டத்தை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. மாநில அரசு உடனே புதுச் சட்டம் இயற்றி உயிர்கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இழப்பீட்டு விகிதமும் மறுவாழ்வும் மட்டும் 2013 சட்டப்படி. பணம் கொடுக்கும் பகுதியை வைத்துக்கொண்டு, மக்களைக் கேட்கும் பகுதியைக் கழற்றிவிட்டார்கள் என்பது என் கருத்து. இந்தக் குறை தீரும்வரை இருக்கிற ஒரு கதவை முழுதாகத் திறந்து பயன்படுத்துவதே வழி.

தேசிய நெடுஞ்சாலைக்கான 1956 சட்டத்தில், 3ஏ பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அடுத்து 3டி விளம்புகை ஓராண்டுக்குள் வராவிட்டால் முதல் அறிவிக்கை செத்துப்போகும். நாட்காட்டியில் இரண்டையும் குறித்து வையுங்கள்.

ஆட்சேபணை எழுதுவது எப்படி

ஊரில் ஒரே நகலை ஐம்பது பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள்: “எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்.” ஐம்பதுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் வரும்: “பொது நலன் கருதி நிராகரிக்கப்படுகிறது.” பொதுவாக எழுதினால் பொதுவாகத்தான் தள்ளுவார்கள்.

முதலில் சாலைப் பாதையின் வரைபடத்தையும் விரிவான திட்ட அறிக்கையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் விசாரணை முடிந்துவிடும். பேச்சு கிளம்பும்போதே கேட்டுவிட வேண்டும். உங்கள் சர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்து, கோடு எங்கே வெட்டுகிறது, கிணறு எந்தப் பக்கம், மிச்சத் துண்டு எவ்வளவு, அந்தத் துண்டுக்கு வண்டிப் பாதை இருக்கிறதா என்று அதிலேயே வரைந்து இணையுங்கள். பாதையை மாற்ற முடியாது என்று சொன்னாலும், தண்ணீர்க் குழாயைச் சாலைக்கு அடியில் கொண்டுபோக வழி, மாடு கடக்கச் சிறு சுரங்கப்பாதை, அணுகுசாலை ஆகியவற்றைக் கேட்கலாம். இவை வடிவமைப்பு முடியும் முன் சுலபம். தார் போட்ட பிறகு பத்து வருடப் போராட்டம்.

கோவையில் இதற்கு மேலும் ஒரு பரிமாணம் உண்டு. நகரின் மேற்கே மலை. மழைநீர் பள்ளங்களில் இறங்கி நொய்யலையும் குளங்களையும் சேர்வது மேற்கிலிருந்து கிழக்காக. புறவழிச்சாலையோ தெற்கிலிருந்து வடக்காக, அத்தனை நீர்வழிகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. உயர்த்திய மண்கரை மேல் சாலை வந்தால், பாலத்தின் கண் அளவு குறைந்த இடமெல்லாம் மேற்கில் தேக்கம், கிழக்கில் வறண்ட குளம். ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் பள்ளம் அளவையாளர் கண்ணுக்கு வெறும் குழியாகத் தெரியலாம். ஐப்பசி மழையில் அதில் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தது என்பது ஊர்ப் பெரியவருக்குத் தெரியும். அந்த அறிவு எழுத்தில், படத்தோடு, தேதியோடு கோப்புக்குள் போக வேண்டும். பட்டா இல்லாதவரும் எழுதலாம். ஊராட்சியின் கிராம சபைத் தீர்மானம் சாலையைத் தடுக்காது. ஆனால் நீதிமன்றத்தில் அது ஆவணம்.

கணுவாய், பன்னிமடைப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கின் வாய். யானை வந்து போகும் ஊர்கள். நகர நெரிசலைச் சொல்லி “சாலை வந்தே தீர வேண்டும்” என்பவரும், மலையடிவாரத்தைச் சொல்லி “வரவே கூடாது” என்பவரும் மோதிக்கொள்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பெரிய கேள்வி சாலைக்குப் பிறகு வருவது. இரு பக்கமும் மனைப்பிரிவும் குடோனும் கல்யாண மண்டபமும் முளைத்தால், புறவழிச்சாலை கொஞ்ச நாளில் இன்னொரு நகரச் சாலை. கிழக்கே நீலாம்பூர்–மதுக்கரை ‘எல் அண்ட் டி பைபாஸ்’ நெடுங்காலம் இரு வழிச் சாலையாகவே இருந்து, சுற்றி நகரம் வளர வளர விபத்துக்குப் பெயர் வாங்கியது. மாநில நெடுஞ்சாலைச் சட்டம் 8-ஆம் பிரிவில் கட்டட எல்லைக்கோடு வகுக்க அதிகாரம் தருகிறது. அதைச் சாலையோடு சேர்த்தே வகுக்கும்படி இப்போதே கேட்கலாம்.

பணக் கணக்கு

சந்தை மதிப்புக்கு இரண்டு முக்கிய அளவுகோல்: பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி. எது அதிகமோ அது. ஊரகமானால் 1 முதல் 2 வரை ஒரு காரணியால் பெருக்கி, மரம், கிணறு, கட்டடம் சேர்த்து, அந்தத் தொகைக்குச் சமமாக நூறு விழுக்காடு ஆறுதல் தொகை. கூடவே சந்தை மதிப்பின்மேல் ஆண்டுக்கு 12 விழுக்காடு கூடுதல் தொகை.

இங்கேதான் நம் பழைய பழக்கம் நம்மையே கடிக்கிறது. நாற்பது லட்சத்துக்கு வாங்கிப் பத்து லட்சத்துக்குப் பத்திரம் போடுவதை ஊரே சாமர்த்தியம் என்கிறது. அரசு பார்ப்பது பத்து லட்சத்தை மட்டும். மிச்சம் முப்பதும் சட்டத்தின் கண்ணில் நடக்கவே இல்லை. ஒரு கிராமத்தில் எல்லோரும் இப்படியே செய்திருந்தால், மொத்தக் கிராமத்தின் இழப்பீடும் படுத்துவிடும். 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தபோது பத்திரச் செலவு குறைந்தது என்று மகிழ்ந்தோம். இழப்பீட்டை அளக்கும் கோலும் அதோடு சுருங்கியது. பக்கத்து ஊரில் சரியான விலைக்குப் பதிவான கிரயப் பத்திரங்களின் நகலைத் தேடி எடுத்துக் கொடுப்பது, பத்து ஆர்ப்பாட்டத்தைவிட அதிகம் சாதிக்கும்.

பேச்சுவார்த்தையில் விலைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டால் பிறகு நீதிமன்றம் போய்க் கூடுதல் கேட்க முடியாது. சம்மதமில்லை என்றால் பணத்தைப் பெறும்போது “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டு, இழப்பீட்டு ஆணை கையில் கிடைத்த தேதியைக் குறித்துக்கொண்டு, விவகாரத்தை உடனே நீதிமன்றத்துக்கு அனுப்பும்படி மனுக் கொடுங்கள். கெடு குறுகியது. நிலம் துண்டானதால் மிச்சப் பகுதிக்கு வரும் இழப்பையும் கேட்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு 1997 முதல் 2014 வரை நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகை மறுக்கப்பட்டது; அந்த மறுப்பு சமத்துவத்துக்கு விரோதம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2025-ல் அது முந்தைய எடுப்புகளுக்கும் பொருந்தும் என்று உறுதிசெய்தது. பழைய கோப்பைத் தூசு தட்டி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

பல குடும்பங்களில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். கூட்டுப் பட்டாவில் யாருக்கு எவ்வளவு என்று தீராவிட்டால் பணம் நீதிமன்றக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பங்காளிச் சண்டை முடியும்வரை அசையாது. வாரிசுச் சான்று, உட்பிரிவு, பட்டா மாறுதல் மூன்றையும் பேச்சு கிளம்பும்போதே முடித்துவிட வேண்டும். பெண் மக்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்க அவசரம் காட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான். கையெழுத்துப் போடும் முன் தன் பங்கு எவ்வளவு என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குத்தகைதாரரும், வாரத்துக்கு உழுபவரும், அந்த நிலத்தில் மூன்று ஆண்டு கூலி வேலை செய்தவரும் 2013 சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. இடம்பெயர நேர்ந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், போக்குவரத்துக்கு 50,000 ரூபாய் என்று இரண்டாம் அட்டவணை பட்டியல் தருகிறது. பட்டியல் எடுக்கும் நாளில் தங்கள் பெயர் அதில் ஏறியதா என்று பார்க்காததால் விடுபடுபவர்கள் அவர்களே. நிலக்காரர் அதை நினைவுபடுத்துவார் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

மனை வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. “பைபாஸ் முகப்பு” என்று விளம்பரம் வந்தால் மனை சாலையின் ஓரத்தில் இருக்கிறதா, சாலைக்குள்ளேயே இருக்கிறதா என்று நெடுஞ்சாலைத் துறையின் நில எடுப்புப் பிரிவில் சர்வே எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வில்லங்கச் சான்றில் எடுப்பு அறிவிப்பு தெரியாமல் போகலாம். அறிவிப்புக்குப் பிறகு வாங்கியவர் நில எடுப்பையே எதிர்த்து வழக்காட முடியாது. இழப்பீட்டில் பங்கு கேட்கலாம், அவ்வளவே.

வழக்குச் செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாராமல் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். மற்றவர்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. போகும்போது பட்டா, புலப்படம், வந்த அறிவிப்பு, அது எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதைக் காட்டும் தபால் உறை, நான்கையும் எடுத்துப் போங்கள். உறையைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். கெடு எந்த நாளில் தொடங்கியது என்ற தகராறு வந்தால் அதுதான் சாட்சி.