அம்மா அடுப்படிக்கு வரட்டும்

“எங்க அம்மாவை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடறதில்லைங்க.” முதியவர் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்ததும் மகனோ மருமகளோ பெருமையோடு சொல்வது இது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டான எனக்கு அப்போது கொஞ்சம் திக்கென்றிருக்கும். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடமாடிய உடம்பை நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தால் தொடைத் தசை சீக்கிரமே மெலிந்துவிடும். அப்புறம் கழிவறையிலிருந்து எழக்கூட ஆள் தேட வேண்டியதுதான். பெரியவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்காமல், அந்த வேலை அவர்களுக்குக் கைகூடும்படி வீட்டை மாற்றுவதே எங்கள் சிகிச்சை.

பிசியோ வேறா, நீங்கள் வேறா?

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபிக்கான முதல் பள்ளியை கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கினார். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பல வீடுகளில் எங்களுக்குப் பெயர் ‘பிசியோ மேடம்’தான். முட்டி மடங்க, கால் வலுப்பெற பிசியோதெரபி உதவும். அந்த முட்டியோடு எப்படிக் குளிப்பது, புடவை கட்டுவது, கோயில் படி ஏறுவது என்பதை நாங்கள் பார்ப்போம். சில இடங்களில் இரண்டும் கலந்தும் போகும். அதில் தகராறு ஒன்றுமில்லை.

முதலில் குளியலறை

ஹாலில் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். நான் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் குளியலறையை. வாசலில் நாலு அங்குலத் தடுப்பு, உள்ளே வழவழ டைல்ஸ், அதில் நேற்றைய எண்ணெய்க் குளியலின் மிச்சம். முதியவர் கால் வழுக்கினால் எதைப் பிடிப்பார்? துண்டு போடும் கம்பியை. ஆளின் எடையைத் தாங்க அது செய்யப்பட்டதல்ல, ஸ்க்ரூவோடு கையில் வந்துவிடும். சுவரில் போல்ட் இறக்கிப் பொருத்திய கைப்பிடிதான் உதவும். அதை எங்கே மாட்டுவது என்பதை அவரையே உட்கார்ந்து எழச் சொல்லி, கை இயல்பாகப் போகும் இடத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். பிளம்பர் தன் உயரத்துக்கு மாட்டிவிட்டுப் போன கைப்பிடிகளை நிறையப் பார்த்தாயிற்று.

குளிக்க உட்காரும் நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் புஷ் வேண்டும். தரையோடு இருக்கும் கழிவறையில் குந்த முடியாதவருக்கு, இடித்துக் கட்டாமல், மேலே வைக்கும் கமோட் நாற்காலியே போதும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், அதுதான் சரியான உயரம்.

இரவில் சிறுநீர் கழிக்க எழுவது இன்னொரு கண்டம். சிலருக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரைகளைச் சரிபார்க்க வேண்டும். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுவது நல்லது. வழியில் ஒரு இரவு விளக்கு எரியட்டும். மடங்கிக் கிடக்கும் மிதியடியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஒற்றைக் கையில் காபி

பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோன ஒரு பாட்டியிடம், “என்ன செய்யணும்னு ஆசை?” என்று கேட்டேன். “நடக்கறது கிடக்கட்டும்மா, காலைக் காபியை நானே போட்டுக் குடிக்கணும்” என்றார். மருமகள் பதறினார்: “அத்தை, நான் போட்டுத் தரமாட்டேனா?” “நீ போடறது உன் காபிடி!”

அதைத்தான் சிகிச்சையாக எடுத்துக்கொண்டோம். பால் பாக்கெட்டை ஒரு சொம்புக்குள் நிறுத்தினால் இன்னொரு கை தேவையில்லை, இடது கையால் கத்தரிக்கோல் வைத்து முனையை வெட்டலாம். பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் கலக்கும்போது நகராது. காய்ந்த பாலை அப்படியே தூக்கிச் சாய்க்காமல் கரண்டியால் மொண்டு ஊற்றலாம். பில்டரை மட்டும் மருமகள் திருகிக் கொடுத்தார். வலது கையையும் சும்மா விடவில்லை. டம்ளரைச் சுற்றி அதை அணைத்து வைக்கச் சொன்னேன். பயன்படுத்தாத கையை மூளை மெல்ல ஒதுக்கிவிடும் என்பதால் இந்தச் சின்ன வேலைகூட முக்கியம்.

உடுத்துவதிலும் ஒரு முறை உண்டு. போடும்போது வலுவில்லாத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். தாத்தாக்களுக்கு ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ வேட்டி பெரிய வரம்.

கைத்தடி எந்தக் கையில்?

வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பெரும்பாலோர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அப்பா விட்டுப்போன தடி அம்மாவுக்கு ஒத்துவராது.

யாரிடம் கேட்பது?

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆக்குபேஷனல் தெரபிக்கு இன்னும் பெரும்பாலும் நாம்தான் மருத்துவமனையைத் தேடிப் போக வேண்டும். பக்கவாதமோ இடுப்பு எலும்பு முறிவோ வந்து சேர்ந்தவர் என்றால், டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மற்ற உதவிகளுக்கு முதியோருக்கான இலவச எண் 14567 இருக்கிறது.

தெரபிஸ்ட் வீட்டுக்கு வர வழியில்லையென்றால் குளியலறை, கட்டில், வாசற்படி, அடுப்படி மேடை எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக் கொண்டுபோங்கள். பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து எடுத்தால் அளவும் தெரியும். ஒரு படத்தில் பெரியவரும் இருக்கட்டும், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில்.